மாடித் தோட்டப் பெட்டி: பெங்களூர் மழைக்கும் பூச்சிக்கும் எது தாங்குகிறது?

பெங்களூரில் மாடியில் காய்கறி போட ஆசைப்படுகிறவர்களுக்கென்று விற்கப்படும் 'முழுமையான தோட்டப் பெட்டி'யில் ஏறக்குறைய இவைதான் இருக்கும்: 12-க்கு 12 அங்குல குரோ பேக் (செடி வளர்க்கும் பை) பன்னிரண்டு, ஐந்து கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி இரண்டு, மண்புழு உரம் ஐந்து கிலோ, பத்து வகை விதை, வேப்பெண்ணெய் 100 மி.லி., மஞ்சள் ஒட்டுப்பொறி பத்து, பழ ஈப் பொறி ஒன்று, சூடோமோனாஸ், டிரைகோடெர்மா என்ற நோய்த்தடுப்பு நுண்ணுயிர்ப் பொடிகள், 'வளர்ச்சி டானிக்' ஒரு பாட்டில், அரை லிட்டர் கைத்தெளிப்பான், 50 சதவீதப் பச்சை நிழல்வலை. பெரிய பெட்டி என்றால் சொட்டுநீர்க் குழாயும், பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு சட்டமும் கூட வரும். விற்பவர் மாறினாலும் உள்ளே இருப்பது மாறுவதில்லை. அதனால் கடைப் பெயர் எதுவும் இங்கே தேவையில்லை, பொருள் பொருளாகவே பார்த்துவிடலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சின்னப் பெட்டியை அப்படியே வாங்காதீர்கள். பெரிய பெட்டியில் கூரைச் சட்டம் உருப்படியானதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். இந்த ஊர் மாடியில் செடியை முடித்துக் கட்டுபவை முக்கியமாக இரண்டு. ஒன்று, நாற்றுப் பருவத்தில் வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு வைரஸ். இன்னொன்று, மழை மாதங்களில் இலை காயவே நேரமில்லாமல் வருகிற கருகல். வைரஸ் ஏறிய செடிக்கு மருந்தே கிடையாது. கருகலுக்கு மருந்து உண்டு, ஆனால் வருமுன் அடித்தால்தான் உண்டு. அதனால் காசு போக வேண்டிய இடம் வலையும் கூரையும். பெட்டி தயாரிப்பவர்கள் அதைப் பாட்டிலிலும் பொடியிலும் போட்டிருக்கிறார்கள்.

பையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் ஏமாற்று அங்கேயே தொடங்கிவிடுகிறது. 12-க்கு 12 அங்குலம் என்று அட்டையில் போட்டிருக்கும். அந்த 12 பையின் விட்டமா, தட்டையாக மடித்துவைத்த அகலமா என்பதை யாரும் சொல்வதில்லை. விட்டம் 12 என்றால் அந்தப் பை 22 லிட்டர் கொள்ளும். தட்டையாக 12 என்றால், விரித்த சுற்றளவு 24 அங்குலம், விட்டம் ஏழரை அங்குலத்துக்குச் சற்றே மேல், கொள்ளளவு வெறும் 9 லிட்டர். தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 15 லிட்டர் வேண்டும். 9 லிட்டரில் கீரை வரும், முள்ளங்கி வரும், ஒரு மிளகாய்ச் செடி எப்படியோ பிழைக்கும். பெட்டியில் வருவது எந்த ரகம் என்று கண்டுபிடிக்கக் கணக்குப் போட்டாலே போதும். ஐந்து கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் 60 முதல் 70 லிட்டர். இரண்டு கட்டிக்கு அதிகபட்சம் 140, மண்புழு உரம் இன்னொரு பத்து. ஆக மொத்தம் 150 லிட்டர் கலவை. பன்னிரண்டு பெரிய பைக்கு 260 லிட்டருக்கு மேல் வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் கலவை சின்னப் பைக்குத்தான் கணக்காகும்.

பையின் கனமும் முக்கியம். 220 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) குறையாத, புற ஊதாக் கதிர் தாங்கும் எச்டிபிஇ பிளாஸ்டிக் பை வாங்குங்கள். 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரின் வெயிலில் மெல்லிய பை ஒரு கோடை தாண்டினாலே மடிப்பில் கிழியும். செடி காய்த்து நிற்கும்போது பை கிழிந்தால் வேரோடு மாற்றவும் முடியாது.

கோகோபீட்டில் பார்க்க வேண்டியது உப்பு. 'குறைந்த ஈசி' (அதாவது உப்பு கம்மி) என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும் நம்ப வேண்டாம். தண்ணீர் சுத்திகரிப்பானுக்காக வாங்கிய, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா பெங்களூரில் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. அதை எடுங்கள். முதலில் ஊற்றப்போகும் தண்ணீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கட்டியை ஊறவைத்து, ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து, வடிந்த நீரை அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 500 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் இன்னொரு முறை அலசுங்கள். மூன்று அலசலுக்குப் பிறகும் இறங்காத கட்டிகள் உண்டு. அவற்றைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது, அந்தக் கலவையில் முளைக்கும் நாற்றின் இலை நுனி கருகிக்கொண்டே இருக்கும். டேங்கர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பு, அதோடு நார் உப்பும் சேர்ந்தால் செடி தாங்காது. சுத்திகரிப்பானின் கழிவுநீரைத் தொட்டிக்கு விடும் பழக்கத்தையும் அளந்து பார்த்துவிட்டே தொடருங்கள். காவிரி நீர் என்றால் பெரும்பாலும் பரவாயில்லை, ஆழ்துளை நீரின் கழிவு என்றால் விட வேண்டாம்.

பெட்டியின் கையேடு 'எழுபது பங்கு கோகோபீட், முப்பது பங்கு உரம்' என்கிறது. சென்னை மாடிக்கு அது பொருந்தலாம். ஜூன் முதல் அக்டோபர் வரை மேகமும் தூறலுமாக இருக்கும் ஊரில் அந்தக் கலவை எப்போதும் பிழியாத துணி போல ஈரமாகவே இருக்கும். வேர் அழுகும், மேலே குட்டிக் கொசு போன்ற பூஞ்சை ஈக்கள் பறக்கும். கோகோபீட் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, அதோடு அரைப் பங்கு உமி என்று கலந்தால் தண்ணீர் நிற்காது.

இனி கூரை. இதில்தான் சற்று அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

2024 ஜூன் 2 அன்று பெங்களூரில் ஒரே நாளில் 111 மி.மீ. மழை கொட்டியது. ஜூன் மாதத்தில் ஒரு நாளில் பெய்த மழையில் அதுவரை இல்லாத அளவு. அதற்கு மூன்று மாதம் முன்பு, மார்ச்சில், தண்ணீர்ப் பஞ்சம் காரணமாகத் தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. ஒரே செடி, ஒரே பருவத்தில், இரண்டையும் பார்த்தது. 111 மி.மீ. என்றால் 12 அங்குல வாயுள்ள ஒரு பையில் மட்டும் எட்டு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கும். 22 லிட்டர்ப் பையில் எட்டு லிட்டர் புகுந்து வெளியேறினால், போட்ட உரத்தில் கரையக்கூடியதெல்லாம் அதோடு போய்விடும். மழைக்கு மறுவாரம் இலை வெளுத்தால் அது நோயல்ல, பசி. ஒரு கைப்பிடி மண்புழு உரம் மேலாகப் போட்டாலே தேறும்.

பெட்டியோடு வரும் 50 சதவீத நிழல்வலையைப் பலர் மழைத்தடுப்பாக நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். அது மழையைத் தடுக்காது. பெரிய துளியைச் சின்னத் துளியாக உடைக்கும், அவ்வளவுதான். மழை நின்ற பிறகும் வலை சொட்டிக்கொண்டே இருக்கும், இலை இன்னும் கூடுதல் நேரம் ஈரமாக இருக்கும். அதோடு ஜூலை, ஆகஸ்டில் ஏற்கெனவே வெயில் கம்மி, அதில் பாதியை வலை தின்றால் தக்காளி நெட்டையாக ஓடும், பூ உதிரும். இந்த ஊரில் நிழல்வலைக்கு வேலை மார்ச் நடுவிலிருந்து மே வரைதான். அதற்கும் 35 சதவீத வலை போதும். ஏப்ரல், மே கோடைமழையோடு வரும் ஆலங்கட்டியிலிருந்து காப்பாற்றும் என்பது மட்டும் 50 சதவீத வலையின் கூடுதல் பலன்.

மழைக்கு வேண்டியது 200 மைக்ரான் கனமுள்ள, புற ஊதாக் கதிர் தாங்கும் பாலித்தீன் தாள். மேலே மட்டும் கூரை, நாலு பக்கமும் திறப்பு. தக்காளியின் பின்பருவக் கருகல் நோய்க்கு இலைமேல் பல மணி நேரம் ஈரமும், குளிர்ந்த இரவும் சேர்ந்து வேண்டும். ஜூலையிலிருந்து நவம்பர் வரை பெங்களூர் இரவு அதற்கென்றே அமைந்தது மாதிரி இருக்கும். இலை ஓரத்தில் தண்ணீரில் நனைந்தது போன்ற கரும்பச்சைத் திட்டு, அதிகாலையில் இலைக்கு அடியில் மெல்லிய வெள்ளைப் பூஞ்சை, தண்டில் பழுப்புப் பட்டை. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் செடி கருகிவிடும். கூரை இலையை நனையவிடாது என்பதால் நோய் தொடங்கும் வாய்ப்பே பெருமளவு குறைகிறது. எந்த மருந்தும் இவ்வளவு செய்வதில்லை. கூரை போட வழியில்லாதவர்கள் மழை தொடங்கும் முன்பே காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை முதல் மூன்று கிராம் கலந்து இலையின் இரு பக்கமும் படும்படி அடிக்கலாம். கருகிய பிறகு அடிப்பது காசுக்குக் கேடு. கருகலுக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பெரிய பெட்டியின் சட்டத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் பூசிய மெல்லிய இரும்புக் குழாய், ஒன்றோடொன்று செருகும் பிளாஸ்டிக் மூட்டு. படத்தில் அழகாக இருக்கும். ஏப்ரல், மே மாத மாலைக் காற்றில் முதலில் விடுவது அந்த மூட்டுதான். கூரைத் தாள் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும், சட்டம் முழுதாகத் தூக்கிக்கொண்டு போகும். இரண்டாவது குறை சரிவு போதாதது. நடுவில் தாள் தொய்ந்து ஓர் அங்குலம் தண்ணீர் தேங்கினால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 25 கிலோ எடை. குழாய் வளைந்த பிறகு தாள் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

சட்டத்தை வாங்கியே தீருவது என்றால் மூட்டு ஒவ்வொன்றிலும் திருகாணி போடுங்கள். நாலு காலையும் காலியான 20 லிட்டர் பெயின்ட் டப்பாவில் நிறுத்தி கான்கிரீட் ஊற்றுங்கள், ஒரு டப்பா 45 கிலோவுக்கு மேல் நிற்கும். தளத்தில் துளை போடவே கூடாது, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போனால் கீழ்வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல முடியாது. தாளைக் குழாயோடு கிளிப்பால் பிடிக்க வேண்டும், ஓட்டை போட்டுக் கயிறு கட்டினால் அந்த ஓட்டையிலிருந்தே கிழியும். வெல்டிங் பட்டறை ஒன்றில் ஒன்றேகால் அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் சொல்லிச் செய்தால் காசு சற்றுக் கூடுதல்தான், ஆனால் பெட்டிச் சட்டத்தைவிடப் பல வருடம் கூடுதலாக நிற்கும். ஒரு பக்கம் ஏழடி, மறுபக்கம் எட்டடி உயரம் வைத்தால் நாலடி அகலக் கூரைக்குத் தேவையான சரிவு கிடைத்துவிடும். மழையில்லாத வாரங்களில் தாளைச் சுருட்டி வைக்க வசதி இருக்கட்டும்.

பூச்சி வலை பல பெட்டிகளில் இல்லவே இல்லை. இருக்கிற பெட்டியிலும் சில சமயம் வெள்ளை நிற நிழல்வலையையே பூச்சி வலை என்று வைத்துவிடுகிறார்கள். வெள்ளை ஈயைத் தடுக்க 40 மெஷ் வேண்டும், அதாவது ஓர் அங்குலத்துக்கு 40 இழை. வலைமேல் அளவுகோலை வைத்துக் கைபேசியில் பெரிதாகப் படமெடுத்து எண்ணுங்கள். கால் அங்குலத்தில் பத்து இழை இருக்க வேண்டும். இலைப்பேன் இதிலும் புகுந்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முழு மாடிக்கும் பூச்சி வலைக் கூடாரம் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். காற்றோட்டம் குறையும், உள்ளே சூடு ஏறும், சுரைக்கும் பீர்க்கனுக்கும் பாகலுக்கும் கையால் மகரந்தம் தடவ வேண்டிவரும். ஒரு வெள்ளை ஈ உள்ளே மாட்டிக்கொண்டால் அதைத் தின்ன வரும் பொறிவண்டும் வெளியே நின்றுவிடும். விதைத்த நாளிலிருந்து முதல் 45 நாளுக்கு மட்டும், தக்காளி மிளகாய் நாற்றுகளை ஒரு சின்ன வலைப்பெட்டிக்குள் வையுங்கள். அந்தப் பருவத்தில் வைரஸ் ஏறினால் செடி குட்டையாக நின்று காயே தராது, பிறகு ஏறினால் ஓரளவாவது காய்த்துவிட்டுப் போகும். நாலடிக்கு மூன்றடி சட்டம், 40 மெஷ் வலை, அடி ஓரத்தில் மணல் நிரப்பிய துணிக்குழாய். அவ்வளவுதான். முளைக்கிற பயறை இழுத்துப்போடும் புறாத் தொல்லையும் அதோடு தீரும்.

வேப்பெண்ணெயைப் பொறுத்தவரை பெட்டியில் வரும் பாட்டிலின் லேபிளில் அசாடிராக்டின் (பூச்சியைத் தடுக்கும் வேம்பின் சத்து) எத்தனை பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். 300, 1500, 10,000 என்று மூன்று வகை கடையில் கிடைக்கும். எண்ணே போடாத பாட்டில் விளக்கெரிக்க உதவலாம். 1500 பிபிஎம் என்றால் லிட்டருக்கு மூன்று முதல் ஐந்து மி.லி. போதும். 10,000 என்றால் ஒன்று அல்லது இரண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டுக் கலக்குங்கள். பால் போல வெளுத்து அப்படியே நின்றால் கரைப்பான் சேர்ந்தது, நேரடியாக அடிக்கலாம். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் லிட்டருக்கு இரண்டு மூன்று மி.லி. சோப்புக் கரைசல் முதலில் எண்ணெயோடு குழைத்து, பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். கலக்காமல் அடித்தால் எண்ணெய் மட்டும் ஓர் இலையில் போய் விழும், அந்த இலை வெந்துபோகும்.

இதில் பெங்களூருக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. கையேடு மாலையில் அடிக்கச் சொல்லும், ஏனென்றால் வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதையும். ஆனால் மே மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் இங்கே இடிமழை வருவதே பெரும்பாலும் மாலையில்தான். அடித்து ஒரு மணி நேரத்தில் எல்லாம் கழுவிக்கொண்டு போகும். அந்த மாதங்களில் காலை ஆறு, ஆறரைக்குள், மேகமூட்டமான நாளாகப் பார்த்து அடிப்பதே மேல். இரண்டாவது, காரத்தன்மையுள்ள ஆழ்துளை நீரில் மருந்து சீக்கிரம் செத்துப்போகிறது. லிட்டருக்கு அரை மூடி எலுமிச்சை பிழிந்து, கலக்கிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அடித்துத் தீர்த்துவிடுங்கள். மிச்சத்தை நாளைக்கு என்று வைப்பதில் பலனில்லை.

வேம்பு உடனே கொல்லாது. குஞ்சுகளைத் தின்னவிடாமல், தோலுரிக்க விடாமல் செய்யும். அதனால் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை அடித்த பிறகே பலித்ததா என்று பார்க்க வேண்டும். அடிப்பதும் இலைக்கு அடியில் அடிக்க வேண்டும். பெட்டியில் வரும் அரை லிட்டர்க் கைத்தெளிப்பானால் அது முடியாது, முகம் பார்த்த பக்கமே நனையும். மேல்நோக்கித் திருப்பக்கூடிய முனையுள்ள இரண்டு லிட்டர் அழுத்தத் தெளிப்பான் ஒன்று தனியாக வாங்குங்கள். மாவுப்பூச்சி இருந்தால் முதலில் எறும்பைக் கவனியுங்கள். எறும்பு சுமந்து திரிகிற வரை எந்த எண்ணெயும் வேலை செய்யாது.

எதற்கு அடிக்கிறோம் என்று தெரியாமல் அடிப்பதுதான் பெரிய வீண்செலவு. மிளகாய் இலை சுருண்டால் உடனே எல்லாரும் பாட்டிலைத் தேடுகிறார்கள். இலை ஓரம் மேல்நோக்கிப் படகு போல வளைந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி வளைந்து காம்பு நீண்டால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். நரம்பு தடித்து, இலை சிறுத்து, செடியே குட்டையானால் வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். இன்னொரு சோதனை: பூவை ஒரு வெள்ளைத் தாளின் மேல் இரண்டு தட்டுத் தட்டுங்கள். கருப்பாக, சீரகத் துணுக்கைவிடச் சின்னதாக ஏதாவது விறுவிறுவென்று ஓடினால் பூவுக்குள் இலைப்பேன் குடியிருக்கிறது. பூவைத் தின்று கொட்டவைக்கும் கருப்பு இலைப்பேன் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 2015-இல், பெங்களூர்ப் பப்பாளியில்தான். அதை ஈர்ப்பது நீலப் பொறி. பெட்டியில் இருக்கும் பத்தும் மஞ்சள்.

மஞ்சள் பொறி மோசமில்லை, ஆனால் அதை மருந்தாக நினைக்காதீர்கள். வெள்ளை ஈ வந்துவிட்டதா என்று காட்டும் கருவி அது. நாலைந்து பைக்கு ஒன்று, செடியின் உச்சிக்கு நேராகக் கட்ட வேண்டும், செடி வளர வளர ஏற்ற வேண்டும். தலைக்கு மேல் கயிற்றில் தோரணம் கட்டினால் தேனீதான் ஒட்டும். பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறது என்றால் இரண்டு வாரத்தில் தூசி படிந்து ஒட்டுத்தன்மை போய்விடும். மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் அட்டையில் விளக்கெண்ணெய் தடவினாலும் இதே வேலை நடக்கும்.

பழ ஈப் பொறிதான் இந்தப் பெட்டியிலேயே மோசமான பொருள். பொறியில் குறை இல்லை, உள்ளே வைக்கும் மருந்துக் கட்டையில்தான் தவறு. பாகல், பீர்க்கன், சுரை, வெள்ளரியைக் குத்தும் ஈக்குக் கியூ லூர் என்ற ஈர்ப்பு மருந்து வேண்டும். மா, கொய்யாவைக் குத்தும் ஈக்கு மெத்தில் யூஜினால். பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது பின்னது. கடையில் "இது பாகற்காய்க்கு ஆகுமாண்ணா?" என்று கேட்டால், "எல்லாக் காய்க்கும் ஆகும்மா, தொங்கவிட்டாப் போதும்" என்றுதான் பதில் வரும். பொறிக்குள் ஈ நிறைந்திருக்கும், பாகலும் புழுத்துக்கொண்டே இருக்கும். ஏனென்றால் மாட்டியது பக்கத்து வீட்டுக் கொய்யா ஈ. சரியான கட்டையே வைத்தாலும் அது ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும், எங்கோ இனச்சேர்க்கை முடித்துவிட்டு வரும் பெண் ஈ முட்டையிடத்தான் செய்யும். பத்துப் பதினைந்து கொடி உள்ள மாடிக்கு மலிவான வழி காய்க்கு உறை போடுவது. பூ வாடிப் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் துணிப்பையோ பட்டர் பேப்பரோ கட்டிவிட்டால் போதும். புழுத்து விழுந்த காயை உரத்தொட்டியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடுகட்டி மறுபடி ஈயாக வரும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்தபின் குப்பைக்கு அனுப்புங்கள்.

சூடோமோனாஸ், டிரைகோடெர்மா இரண்டும் உயிருள்ள பொருள்கள். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, கிராமுக்கு எத்தனை உயிரணு என்ற எண், இந்த மூன்றும் இல்லாத பொட்டலம் வெறும் டால்க் பவுடராக இருக்கலாம். காப்பர் மருந்தோடு கலக்கவோ, அதே வாரத்தில் போடவோ கூடாது. டானிக் பாட்டில் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, உள்ளே என்ன என்று லேபிளே சொல்லவில்லை. காயின் அடி கருத்து அழுகுவதற்கு என்று சில பெட்டிகளில் வரும் கால்சியம் பொடியும் அப்படியே. அந்த அழுகல் பெரும்பாலும் ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் வருவது. ஏப்ரலில் வளர்ந்த தக்காளிக்குத் தினம் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், பை வாயில் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த சருகு மூடாக்கு. அதில் சரியாகிவிடும்.

சொட்டுநீர்க் கருவி நல்ல யோசனை, தவறான பாகங்கள். மாடித் தொட்டிக்கும் பைக்கும் உயர வித்தியாசம் ஒன்றிரண்டு மீட்டர்தான், அதாவது 0.1 அல்லது 0.2 பார் அழுத்தம். கூட வரும், அழுத்தம் மாறினாலும் ஒரே அளவாகச் சொட்டும் 'அழுத்தச் சமன்' சொட்டிகளுக்கு இது போதாது. தொட்டிக்கு அருகில் உள்ளது சொட்டும், கடைசிப் பை காயும். 16 மி.மீ. குழாயில் திருகி அளவு மாற்றக்கூடிய சாதாரணச் சொட்டிகள் போட்டால் இதே தொட்டியில் ஓடும். நேரங்காட்டி வால்வு வாங்கினால் பந்து வால்வு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். காந்த வால்வு வகைகளில் பல இந்த அழுத்தத்தில் திறக்காது.

விதைப் பொட்டலங்களில் ரகப் பெயர் கிடையாது, 'தக்காளி', 'அவரை' என்று மட்டும்தான். அவரையில் இது பெரிய குழப்பம். நாட்டு அவரை பகல் குறுகும் மாதங்களில்தான் பூக்கும். பிப்ரவரியில் விதைத்தால் மாடி முழுக்கக் கொடி படரும், ஒரு பூ வராது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் பருவம் பார்க்காத குட்டை ரகங்கள். அதே நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் தக்காளி இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும், அர்கா அபேத் பின்பருவக் கருகலையும் சேர்த்துத் தாங்கும். மழைக்காலத்தில் தக்காளி போட்டே ஆக வேண்டும் என்கிறவர்கள் அபேத்தைத் தேடிப் பிடியுங்கள். நிறுவனம் இணையத்தில் விதை விற்கிறது. அவர்களுடைய வேப்ப சோப்பும் பெட்டி எண்ணெயைவிட நம்பகமானது. எந்த விதையானாலும் பொட்டலத்தில் பரிசோதித்த தேதியும் முளைப்புத் திறனும் இருக்க வேண்டும். தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், மிளகாய்க்கு 60 என்பது குறைந்தபட்சத் தரம்.

முதல்முறை போடுகிறவர்கள் பெட்டியை மே மாதத் தள்ளுபடியில் வாங்காமல் அக்டோபர் கடைசி வரை பொறுப்பது நல்லது. பெருமழை ஓய்ந்தபின் நடும் தக்காளிக்குக் கூரைகூட அவ்வளவாகத் தேவைப்படாது. டிசம்பர், ஜனவரியில் வெண்டையிலும் வெள்ளரியிலும் சாம்பல் நோய் எட்டிப் பார்க்கும். வெண்டைக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம் போதும், வெள்ளரிக் குடும்பத்துக்கு மட்டும் கந்தகம் வேண்டாம், இலை கருகும். மார்ச்சுக்குப் பிறகு செம்பேன் வந்தால் இலைக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே பாதியைக் குறைக்கலாம்.

விதையிலிருந்து தொடங்கப் பொறுமை இல்லாமல் லால்பாக் பக்கத்து நர்சரிகளில் நாற்றாக வாங்குகிறவர்கள் விலை கேட்கும் முன் நாற்றுத் தட்டை லேசாக ஒரு முறை அசைத்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் மாதிரி எழும்பிப் பறந்து மறுபடி இலைக்கடியிலேயே போய் உட்கார்ந்தால், அந்தத் தட்டை வைத்துவிட்டு அடுத்த கடையில் கேளுங்கள்.